நெட்டு நல்லாத்தான் இருக்கு சாமி, நீ அப்டேட் ஆகு!

"அப்டேட் செய்ய முடியவில்லை. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்."

இந்த வரியை எழுதின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, மன்னார்குடிக்குக் கூட்டிட்டுப் போய் எங்க பெரியப்பா முன்னாடி உட்கார வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு காபி குடுத்து உட்கார வச்சா போதும், மீதியை அவர் பாத்துக்குவார்.

பெரியப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தெருப் பிள்ளையார் கோயில் வரவு செலவு, பென்ஷனர் சங்கக் கணக்கு ரெண்டும் அவர் கைலதான். அதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வச்சிருக்கார். ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ணது, விண்டோஸ் 10. அதுல எக்செல், பிரிண்ட், அவ்வளவுதான். நெட்டு பாக்கணும்னா போன். ஆனா ஆன்டிவைரஸுக்கு மட்டும் வருஷம் தவறாம காசு கட்டிருவார். ஜெராக்ஸ் கடைல பென்டிரைவைச் சொருகி எடுத்தா 'நியூ ஃபோல்டர் டாட் இஎக்ஸ்இ' ஒண்ணு இலவச இணைப்பா கூடவே வருமே, அந்தக் காலத்துல ஒரு தடவை சங்கத்துக் கணக்கு மொத்தமும் போயிருக்கு. அந்த பயம் இன்னும் போகல.

அப்படிக் காசு குடுத்து வாங்கின ஆன்டிவைரஸ்தான் அப்டேட் ஆகல.

போன்ல ஆரம்பிச்சது கதை.

"டேய், இது நெட்டு இல்லங்குதுடா."

"மோடத்துல லைட் எரியுதா பெரியப்பா?"

"எல்லாம் பச்சையா எரியுது. என் போன் அதுலதான ஓடுது. உங்க பெரியம்மா உள்ள சீரியல் பாத்துக்கிட்டு இருக்கா."

போன்ல சீரியல் ஓடுது. கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் நெட்டு இல்லங்குது. சரி, மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பண்ணார். கேபிளைப் பிடுங்கி மாட்டுங்க. மாட்டினார். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. (இதைச் சொல்லாம எந்தக் கம்ப்யூட்டர் வைத்தியமும் இந்தியாவுல முடிஞ்சதில்ல.) ஒண்ணும் ஆகல.

கேபிள்காரரை வரச் சொன்னார். அவர் வந்து தன்னோட போன்லயே ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி, "நெட்டு சூப்பரா இருக்கு சார், ப்ராப்ளம் உங்க சிஸ்டத்துல"ன்னுட்டுப் போயிட்டார். ஆன்டிவைரஸ் கம்பெனிக்குப் போன் போட்டா, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க, அப்பவும் வரலன்னா உங்க இன்டர்நெட் ப்ரொவைடரைக் கேளுங்க." கேபிள்காரர் இவங்களைக் கை காட்டுறார், இவங்க கேபிள்காரரைக் கை காட்டுறாங்க.

அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போட்டார். இப்ப புதுசா இன்னொரு மெசேஜ்: லைசென்ஸ் செல்லாது!

காசு கட்டி அரை வருஷம்கூட ஆகல. மனுஷன் கொதிச்சுட்டார்.

நேர்லயே வந்துர்றேன்னு சொல்லி, ஆஃப்லைன் அப்டேட் ஃபைலை டவுன்லோடு பண்ணி பென்டிரைவ்ல போட்டு எடுத்துக்கிட்டு திருச்சியிலேருந்து பஸ் ஏறினேன். (பல பேருக்கு இது தெரியாது. நெட்டு வழியா வராட்டி, அப்டேட்டை மொத்தமா ஒரே ஃபைலா இறக்கிப் போடலாம். விண்டோஸோட வர்ற டிஃபெண்டருக்கும் மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு ஃபைல் குடுக்குது. அவசரத்துக்கு நல்லது.)

போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா சுவர்ல மெயின் சுவிட்சைப் போட்டார். யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல காலம் ஆச்சு, சும்மா அலங்காரத்துக்கு நிக்குது. கேபினட் பட்டனை அமுக்கினார். ஸ்கிரீன் கறுப்பாகி வெள்ளை எழுத்துல ரெண்டு வரி வந்து நின்னுச்சு. அதைப் படிக்கக்கூட இல்ல, கை தன்னால எஃப்1-ல போய் அமுக்குச்சு. விண்டோஸ் வந்துச்சு. அடுத்து தலையைத் தூக்கி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கீழ் மூலைல மணியைத் திருத்தினார். பத்தே கால். ஓகே. அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரியப்பா, அந்த எஃப்1 எதுக்கு?"

"அது அப்படித்தான். அமுக்கினாத்தான் உள்ள விடும்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

பழைய ஸ்கூட்டரைச் சாய்ச்சு நிமிர்த்திக் கிக் பண்றவங்க, வண்டிக்கு என்ன கோளாறுன்னு மெக்கானிக் கேட்டா அதைச் சொல்லவே மாட்டாங்க. ஓட்டுறவருக்கு அது கோளாறே இல்லையே. பெரியப்பாவுக்கும் எஃப்1 அப்படித்தான். இத்தனை போன்ல ஒரு வாட்டிகூட அதைச் சொல்லல.

குரோமைத் திறந்தேன். ஒரு தளமும் திறக்கல. ஆனா அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது." கீழயே கம்ப்யூட்டர்ல இருக்கிற தேதியையும் போட்டுக் காட்டுச்சு.

2015 ஜனவரி 1.

மணி பத்தே கால், கரெக்ட். வருஷம்தான் பத்து வருஷத்துக்கு மேல பின்னால நிக்குது! டாஸ்க்பார்ல சின்ன ஐகான் வச்சிருந்தா மணி மட்டும்தான் தெரியும், தேதி தெரியாது. அதனால பெரியப்பா தினமும் காலைல மணியை மட்டும் ஒழுங்காத் திருத்திட்டு வந்திருக்கார். அந்தக் கம்ப்யூட்டருக்கு தினம் தினம் புத்தாண்டு.

இப்ப என் கோபத்தைக் கேளுங்க. ஓசியில கிடைக்கிற ஒரு பிரவுசர், ஒரே வரியில, "தேதி தப்பு, திருத்து"ன்னு சொல்லுது. வருஷா வருஷம் காசு வாங்குற சாஃப்ட்வேர் "நெட்டைப் பாரு"ங்குது. நெட்டு இருக்கான்னு கண்டுபிடிக்க அதுக்கு எவ்வளவு நேரம் ஆகப் போகுது? நான் கமாண்ட் பிராம்ப்ட்ல பிங் போட்டுப் பார்த்தேன், பதில் ஜம்முன்னு வருது. லைன் இருக்கு, அந்தப் பக்கம் சர்வர் இருக்கு, நடுவுல பேச்சுதான் முறியுது. எதனால முறியுதுங்கிறது அந்த சாஃப்ட்வேருக்கு உள்ளுக்குள்ள தெரியும், லாக் ஃபைல்ல எழுதியும் வைக்கும். நம்ம மூஞ்சிக்கு நேரா மட்டும் சொல்லாது. எல்லாக் கோளாறுக்கும் ஒரே மெசேஜ். லைசென்ஸ் முடியப் போகுதுன்னா மட்டும் ஒரு மாசம் முன்னாடியே அரை ஸ்கிரீனுக்குச் சிவப்புப் பெட்டி, மிச்சம் எத்தனை நாள்ங்கிற கணக்கோட!

தேதிக்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்னு பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அப்டேட் சர்வர் நிஜமாவே அந்தக் கம்பெனியோடதுதானான்னு காட்ட ஒரு சான்றிதழ் நீட்டும். அதுல இந்தத் தேதியிலேருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும்னு இருக்கும். 2020 செப்டம்பருக்கு அப்புறம் வர்ற இணையச் சான்றிதழ் எல்லாம் அதிகபட்சம் 398 நாள்தான், இப்ப அதையும் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. 2015-ல உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர் அதைப் பார்த்தா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லாத சான்றிதழ். போலின்னு கதவைச் சாத்திரும். லைசென்ஸ் செல்லாதுன்னு சொன்னதும் இதே கதைதான்.

"அப்ப நான் சேவ் பண்ற கணக்கெல்லாம் காணாமப் போறதும் இதாலதானா?"

ஆமா! புதுசா சேவ் பண்ணா லிஸ்ட்ல மேல வரணும். இங்க 2015-ன்னு பதிவாகி எங்கேயோ அடியில போய் நிக்குது. மனுஷன் ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சு சில கணக்கை ரெண்டு தடவை டைப் அடிச்சிருக்கார். கோயில் ஃபோல்டர்ல 'ஆடி வெள்ளி', 'ஆடி வெள்ளி புதுசு', 'ஆடி வெள்ளி கடைசி'ன்னு வரிசையா கிடந்துச்சு.

விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்திக்காதான்னு கேப்பீங்க. திருத்தும், கொஞ்சமா தப்பு இருந்தா. வீட்டு விண்டோஸ்ல வழக்கமா 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம்தான் எல்லை. அதுக்கு மேல வித்தியாசம் இருந்தா, இது ஏதோ வில்லங்கம்னு ஒதுங்கிக்கும். பத்து வருஷமெல்லாம் அதோட வகையிலயே வராது.

சரி, தேதி ஏன் போகுது? மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் கணக்கா ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்தை அதுதான் ஓட்டும். பிளக்ல கரண்ட் இருக்கிற வரைக்கும், நீங்க ஷட்டவுன் பண்ணியிருந்தாலும், பவர் சப்ளையிலேருந்து போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கிட்டே இருக்கும், பேட்டரிக்கு வேலை கம்மி. ஆனா நம்ம வீடுகள்ல ராத்திரி ஆனா மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தானே படுப்போம்? ராத்திரி பூரா அந்தப் பொட்டு பேட்டரிதான் முழிச்சிருக்கணும். சீக்கிரம் செத்துரும். (அதுக்காக மெயினை அணைக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். இடி மின்னல் சீசன்ல அதுதான் புத்திசாலித்தனம். பேட்டரி விலை கம்மி, மதர்போர்டு விலை கம்மி இல்ல.)

கடைத்தெருவுல வாட்ச் ரிப்பேர் கடைலயே கிடைச்சுச்சு. கார் ரிமோட்டுக்கும் இதே பேட்டரிதான்னு கடைக்காரர் சொன்னார். வந்து, பிளக்கைப் பிடுங்கி, மிச்சக் கரண்ட் இறங்க பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சு, கேபினட் பக்கவாட்டுத் தகடைக் கழட்டினேன்.

உள்ள ஒரு தனி உலகம். ஃபேன் இறக்கைல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு. அடித்தட்டுல ரெண்டு பல்லி முட்டை, ஒண்ணு பொரிஞ்ச ஓடு. ஊதுபத்தி வாசனை வேற வருது (பூஜை அலமாரிக்குக் கீழயே வச்சிருந்தா வராதா). பெரியம்மா ஒரு பழைய பெயின்ட் பிரஷ் குடுத்தாங்க. தூசியைத் தட்டிட்டு, பேட்டரி ஓரத்துல இருக்கிற சின்னக் கம்பி நாக்கை நகத்தால தள்ளினதும் 'டிக்'னு எழும்பி வந்துச்சு. பிளஸ் போட்ட பக்கம் மேல இருக்கணும், அது முக்கியம். புதுசை வச்சு அமுக்கி, ஆன் பண்ணி, டெலிட் கீயைத் தட்டிக்கிட்டே இருந்து பயாஸுக்குள்ள போய்த் தேதியை வச்சேன். சேவ் பண்ணி வெளிய வந்தா, எஃப்1 கேக்காம நேரா விண்டோஸ்.

பெரியப்பா கை எஃப்1 வரைக்கும் போய்ட்டு அந்தரத்துல நின்னுச்சு. "என்னடா, ஒண்ணும் கேக்கல? எதையாவது கழட்டி விட்டுட்டியா?"

அப்டேட்டை அமுக்கினேன். ஓடுது! பாதி வரைக்கும் போச்சு. நின்னுச்சு.

"உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்."

சத்தியமா சொல்றேன், மானிட்டரைத் தூக்கிக் கிணத்துல போடலாம்னு வந்துச்சு.

இந்த வாட்டி என்னன்னா, சி டிரைவ்ல இடம் இல்ல. தினமும் அப்டேட் ஆனா கொசுறு கொசுறா வரும். மாசக்கணக்கா விட்டுட்டா மொத்தமா இறங்கும், அதைப் பிரிச்சு வைக்கவும் இடம் வேணும். இங்க சிவப்புக் கோடுதான் மிச்சம். எங்க போச்சு இடம்? பேரனோட காதுகுத்து வீடியோ, ஸ்டுடியோக்காரர் குடுத்த முழு நீளம், டெஸ்க்டாப்ல! டெஸ்க்டாப்ல வச்சா கம்ப்யூட்டருக்கு 'வெளிய' இருக்குன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. அதுவும் சி டிரைவ்தாங்க. பக்கத்துல டி டிரைவ் காலி மைதானமா கிடக்கு. வீடியோவை அங்க நகர்த்தி, டிஸ்க் கிளீனப் ஓட்டி, குப்பையைக் கூட்டினேன்.

அப்படியே இன்ஸ்டால் லிஸ்டைப் பார்த்தா, இன்னொரு ஆன்டிவைரஸ். ஓசி வகை. "இது யாரு போட்டது?" லீவுக்கு வந்த பேரன் கேம் இறக்கினப்ப ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கிக்கிட்டே போனா அப்படித்தான், நடுவுல ஒரு டிக் மார்க் நமக்குத் தெரியாமலே சம்மதம் சொல்லியிருக்கும். ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆன்டிவைரஸ் ஆகவே ஆகாது. எந்த ஃபைலைத் திறந்தாலும் ரெண்டும் பாஞ்சு வந்து சோதிக்கும். ஒண்ணு இறக்கி வைக்கிற அப்டேட் ஃபைலை இன்னொண்ணு வைரஸ்னு பிடிச்சு வச்சுக்கிறதும் உண்டு. கன்ட்ரோல் பேனல்ல அன்இன்ஸ்டால் பண்ணா மட்டும் முழுசாப் போகாது, வால் மிச்சம் இருக்கும். அந்தந்தக் கம்பெனியே இதுக்குன்னு ரிமூவல் டூல் தருது, அதைப் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி ஒழிச்சேன்.

மறுபடி அப்டேட். ஓடுச்சு. முடிஞ்சுச்சு. பச்சை டிக்.

அடுத்த நிமிஷமே கீழ் மூலைல சிவப்புப் பெட்டி: "உங்கள் கணினியில் வைரஸ்! உடனே புதுப்பிக்கவும்!" ஒண்ணு போனா ஒண்ணு வருது, சரம் சரமா.

பெரியம்மா உள்ளேருந்து, "சரி பண்ண வந்தியா, கெடுக்க வந்தியா?"

பெட்டியை உத்துப் பார்த்தா ஓரத்துல பொடி எழுத்துல குரோம்னு இருக்கு, கூடவே வாயில நுழையாத ஒரு தளத்தோட பேர். இதுவும் பேரன் கைங்கர்யம்தான். ஏதோ ஒரு தளம் 'அனுமதி'ன்னு கேட்டிருக்கு, அவன் அமுக்கியிருக்கான். தேதி தப்பா இருந்த வரைக்கும் அந்தத் தளத்தாலயும் உள்ள வர முடியல. நான் தேதியைத் திருத்தினதும் அந்தக் கூட்டத்துக்கும் வழி திறந்துருச்சு! குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பக்கம் போய் அனுமதி லிஸ்ட்ல இருந்ததையெல்லாம் தூக்கினதும் அடங்குச்சு. இதைக் கிளிக் பண்ணிக் கார்டு நம்பர் குடுத்து ஏமாந்தவங்க எத்தனையோ பேர். பெட்டில பிரவுசர் பேர் இருந்தா அது உங்க ஆன்டிவைரஸ் இல்ல, அவ்வளவு நெனவு வச்சா போதும்.

இதெல்லாம் பண்ணியும் உங்களுக்கு அப்டேட் வரலையா? எல்லாத் தளமும் திறக்குது, ஆன்டிவைரஸ் கம்பெனிகளோட தளம் மட்டும் திறக்கலன்னா, அப்ப பயப்படுங்க. நெஜமாவே உள்ள ஏதோ இருக்கலாம். 2008 நவம்பர்ல கான்ஃபிக்கர்னு ஒரு வோர்ம் கிளம்புச்சு. உள்ள வந்ததும் ஆன்டிவைரஸ் கம்பெனி பேர் இருக்கிற தளங்களையும், விண்டோஸ் அப்டேட்டையும் அடைச்சுரும், மருந்து வந்து சேரக்கூடாதுன்னு. அதைக் கண்டுபிடிக்க ஒருத்தர் அழகா ஒரு பக்கம் செஞ்சிருந்தார், கண் டாக்டர் சுவர்ல மாட்டியிருக்கிற சார்ட் மாதிரி. அடைபடுற தளங்களோட லோகோ எல்லாம் அதுல வரிசையா இருக்கும். மேல் வரிசை உங்க கண்ணுக்குத் தெரியலன்னா நோய் இருக்குன்னு அர்த்தம். இப்பவும் சில வைரஸ்கள் சிஸ்டம்32-க்குள்ள இருக்கிற 'ஹோஸ்ட்ஸ்' ஃபைல்ல கை வச்சு இதே வேலையைச் செய்யும். நோட்பேட்ல திறந்து பாருங்க, ஆன்டிவைரஸ் கம்பெனி பேரு அங்க இருக்க வேண்டிய அவசியமே இல்ல.

பெரியப்பா ஹெட்மாஸ்டர் ஆச்சே, சும்மா விடுவாரா. "அப்டேட் அப்டேட்டுங்கிறியே, அப்டேட் வந்துதானேடா ஏர்போர்ட்டெல்லாம் படுத்துச்சு?"

பேப்பர் படிக்கிறவர். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக்னு ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின கோளாறான அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீன் காட்டி நின்னுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி 2010 ஏப்ரல் 21-ல மெக்கஃபி ஆன்டிவைரஸோட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த ஃபைலையே வைரஸ்னு பிடிச்சுத் தூக்கி, கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் மேல ரீஸ்டார்ட் ஆக வச்சுது. பெரியப்பா சொல்றது தப்பில்ல. ஆனா அந்த மாதிரி எப்பவோ ஒரு தடவை. மாசக்கணக்கா பழைய வைரஸ் லிஸ்டை வச்சுக்கிட்டு ஜெராக்ஸ் கடை பென்டிரைவைச் சொருகுறது தினசரி ஆபத்து. (அவர் இன்னும் ஜெராக்ஸ் கடைக்குப் போறார். கலர் பிரிண்ட் அங்கதான் மலிவாம்.)

"சரி, இப்ப இது வேலை செய்யுதுன்னு எப்படி நம்புறது? பச்சை டிக் யாரு வேணா போடலாம்."

வாத்தியார் கேள்வி! இதுக்கு ஒரு பரீட்சை இருக்கு. ஐகார்னு ஒரு அமைப்போட சோதனைக் குறியீடு, மொத்தம் 68 எழுத்து. அதால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா அதைப் பார்த்தா வைரஸைப் பார்த்த மாதிரி கத்தணும்னு ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்குள்ள ஒப்பந்தம். ஐகார் தளத்துலேருந்து பார்த்து நோட்பேட்ல பெரியப்பாவையே டைப் அடிக்கச் சொன்னேன். ஒத்தை விரலால, ஒவ்வொரு குறியா, வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிச்சார். சேவ் பண்ண அடுத்த கணம் ஃபைலைக் காணோம், மூலைல எச்சரிக்கை. மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். பெரியம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை முதல்லேருந்து அடிச்சுக் காட்டினார்.

லைசென்ஸ் முடியுற வரைக்கும் இது இருக்கட்டும், அப்புறம் விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதும்னு சொல்லிட்டேன். எக்செல்லும் பிரிண்டுமா இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது தாராளம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாலும், டிஃபெண்டருக்கான வைரஸ் லிஸ்ட் அப்டேட் 2028 அக்டோபர் வரைக்கும் தர்றதா மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. அதுக்காக விண்டோஸ் ஓட்டையெல்லாம் அடைபட்டுரும்னு அர்த்தம் இல்ல, கம்ப்யூட்டரையும் ஒருநாள் மாத்தத்தான் வேணும். அந்தப் பேச்சை எடுத்தா காபி கிடைக்காதுன்னு எடுக்கல.

போன வாரம் அந்த ஆன்டிவைரஸ் கம்பெனியிலேருந்து ஒரு பொண்ணு அவருக்குப் போன் பண்ணியிருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல லைசென்ஸ் முடியுது சார், இப்பவே கட்டினா மூணு மாசம் ஃப்ரீன்னு. பெரியப்பா பொறுமையா முழுசும் கேட்டுட்டு, "அது சரிம்மா, இத்தனை மாசமா அப்டேட் ஆகாம கிடந்துச்சே, அப்ப ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"ன்னு கேட்டாராம்.

"அது வேற டிபார்ட்மென்ட் சார்"னுச்சாம்.